61-வது பிள்ளை

"கழுவப் போற காலை எதுக்குக் கழுவணும்?"

தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் ஒரு கடற்கரை ஊரில், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வியாழக்கிழமை காலையில் தன் அம்மாவிடம் கேட்ட கேள்வி இது. "ஏலே, சாமி முன்னால அழுக்குக் காலையா நீட்டுவ?" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, அவர் தேங்காய் நாரால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கேள்வி நியாயமானதுதான். பதில்தான் இதுவரை கிடைக்கவில்லை.

அன்று ஏப்ரல் 17, பெரிய வியாழன். இயேசு தன் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, சாயந்திரப் பூசையில் பங்குச் சாமியார் 12 பேரின் பாதங்களைக் கழுவுவார். வழக்கமாக ஊர்ப் பெரியவர்கள்தான் அந்தப் பெஞ்சில் உட்காருவார்கள். இந்த வருஷம் 12 பேரும் ஆர்.சி. தொடக்கப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பு. ஆறு பையன்கள், ஆறு பெண்கள். பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று போப் பிரான்சிஸ் விதியை மாற்றியது 2016-ல். அதற்கு முன்பென்றால் இந்த ஆறு பேரும் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்திருக்க வேண்டியதுதான்.

வகுப்பில் மொத்தம் 14 பேர். மீதி இரண்டு பேர் இந்துப் பிள்ளைகள். பள்ளிக்கூட வராண்டாவில் நடந்த ஒத்திகையில் அவர்களும் பெஞ்சில் இடம் பிடித்துக் காலை நீட்டினார்கள். சிஸ்டர் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றுகிற மாதிரி பாவனை செய்து அவர்கள் காலையும் துடைத்துவிட்டார்.

இந்த வருஷம் எல்லாமே ஒரே வாரத்தில் வந்து விழுந்துவிட்டன. வெயிலைக் காரணம் காட்டி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கான முழு ஆண்டுத் தேர்வை அரசு முன்னுக்கு இழுத்ததில், கடைசித் தேர்வு சரியாகப் பெரிய வியாழனன்று முடிந்தது. 13-ம் தேதி குருத்தோலை ஞாயிறு, மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு. 15-ம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, விசைப்படகுகள் எல்லாம் கரை ஒதுங்கிவிட்டன. இனி ஜூன் 14 வரை 61 நாள் அவை கடலுக்குப் போக முடியாது.

குருத்தோலையில் பின்னிய சிலுவைகள் இன்னமும் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் கிடக்கின்றன. வீட்டில் வைத்திருக்கும் ஓலையை அடுத்த வருஷம் கோயிலில் திரும்பக் கொடுக்க வேண்டும். அதை எரித்த சாம்பல்தான் சாம்பல் புதனன்று நெற்றிக்கு வரும். "அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேனே, யாருகிட்ட குடுக்க?" என்று ஒரு சிறுமி கவலைப்பட்டாள். ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போகப் போகிறாள். கோயில் இங்கேதானே இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவள் சமாதானம் சொன்னாள்.

காலை உணவைப் பற்றியும் ஒரு கவலை ஓடியது. கிராமப்புற அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தது 2024 ஜூலை 15-ல். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறுக்குப் போனால் மதியச் சத்துணவு மட்டும்தான். புதன்கிழமை பொங்கலை, "இதுதான் கடைசி" என்று சொல்லிச் சொல்லியே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டவன்தான் அந்தக் கால் கழுவும் கேள்வியைக் கேட்ட பையன்.

தேர்வு முடிந்த மதியம் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். மாற்றுச் சான்றிதழ் அடிப்பதற்கு முன்பு எமிஸில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எப்போதும் அம்மாக்கள்தான் வருவார்கள். தடைக்காலம் என்பதால் இந்த முறை அப்பாக்களும் வந்து, குட்டி பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். மகளின் பிறந்த தேதியைப் படித்த ஒருவர், "அப்போ நான் கடல்ல கிடந்தேன் சிஸ்டர்" என்றார். பிறகு செல்போனை எடுத்து அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டார்.

14 பெயர்களையும் சரிபார்த்து முடித்த பிறகு தலைமையாசிரியை சிஸ்டர் ஒரு கணக்குப் போட்டார். பள்ளியில் இப்போது 63 பிள்ளைகள். 14 பேர் போனால் 49. தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61-வது பிள்ளை வந்தால்தான் மூன்றாவது ஆசிரியர். ஆகஸ்ட் 1-ம் தேதி வருகைப் பதிவேட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் பணியிடத்தை நிர்ணயிப்பார்கள்.

ஆக, ஒன்றாம் வகுப்பில் 12 பேர் சேர வேண்டும். மார்ச் மாதம் தொடங்கிய சேர்க்கையில் இதுவரை வந்திருப்பது ஏழு.

மூன்று பேரில் இளையவர், 11 வருஷமாக இங்கேயே இருக்கும் டீச்சர். எண்ணிக்கை குறைந்தால் 'உபரி' என்று வேறு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றப்படப் போகிறவர் அவர்தான். கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர் இல்லை. வீடு, கணவர், இரண்டு பிள்ளைகள் எல்லாம் இதே ஊரில். போகிற 14 பேருக்கும் அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தவர். (உபரி என்பது அரசாணையின் சொல். பள்ளியில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.)

சாயந்திரம் கோயிலில் அவர் தூணோரம் நின்றிருந்தார். சாமியார் முழந்தாளிட்டு ஒவ்வொரு காலாகக் கழுவி, துடைத்து, முத்தமிட்டு நகர்ந்தார். நம்ம பையனின் முறை வந்தபோது அவனுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது. காலை உதறியதில் சாமியாரின் மூக்குக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். அவர் துடைத்துக்கொண்டு அடுத்த காலுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, கஞ்சி. சனிக்கிழமை காலையில் டீச்சர் ஒரு நோட்டும் சேர்க்கை விண்ணப்பங்களுமாகத் தெருவில் இறங்கினார். இரவு பாஸ்கா பூசை என்பதால் வீடுகளில் ஒரே வேலை. எண்ணெய்ச் சட்டியில் முறுக்கு, வாசலில் துவைத்த திரைச்சீலைகள். "உள்ள வாங்க டீச்சர், முறுக்கு தின்னுங்க" என்று எல்லாரும் அழைத்தார்கள். அஞ்சு வயசுப் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு கொஞ்சம் சுற்றி வளைந்தது. மஞ்சள் வேன் வாசலுக்கே வருகிறது. அங்கே இங்கிலீஷ் மீடியம்.

யாரையும் குறை சொல்ல முடியாது. டீச்சருடைய பிள்ளைகளே அந்த வேனில் ஏறாமல் இருந்திருந்தால் அவருக்கு வாதாடச் சுலபமாக இருந்திருக்கும். மூத்தவன் ஏறினான், இளையவள் இந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். அதைக் கேட்பவர்களிடம் அவர் மறைப்பதில்லை.

கடைசித் தெருவில் ஒரு வீடு. மகனுக்கு ஜூலையில் ஐந்து வயது முடிகிறது. கணவர் விசைப்படகில் கூலி. வேன் பள்ளியில் ஜூன் முதல் வாரத்துக்குள் முதல் தவணைக் கட்டணம் கேட்கிறார்கள். படகு கடலுக்குப் போவதோ 14-ம் தேதிக்குப் பிறகு. "அவரு கடன் வாங்கியாவது அங்கதான் சேக்கணும்ங்காரு" என்றார் அந்தப் பெண், மாவுக் கையோடு. திண்ணையில் உட்கார்ந்து வலைப் பின்னிக்கொண்டிருந்த கணவர் தலை நிமிரவில்லை.

பையன் மட்டும் டீச்சரின் பையை எட்டிப் பார்த்தான். அதில் மிச்சமிருந்த ஒரு குருத்தோலைச் சிலுவையை அவர் எடுத்துக் கொடுத்தார்.

"ஈஸ்டர் முடியட்டும் டீச்சர், சொல்றேன்."

நோட்டில் எட்டாவது வரிசையில் பையனின் பெயரை எழுதிய டீச்சர், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார். முறுக்கை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.