தம்பிக்கும் வருமா, டாக்டரம்மா?

குழந்தைகளின் சளி, இருமலைப் பற்றி எழுதுவதாகப் போன இதழில் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறை. இந்தத் தடவை வேறொரு விஷயம் மனசை அரித்துக்கொண்டிருக்கிறது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கிளினிக்கை மூடும் நேரத்தில் ஒரு பெண் தன் ஏழு வயது மகளோடு வந்தாள். "பத்து நாளா ராத்திரி படுக்கையை நனைக்கிறா டாக்டரம்மா. மூணு வயசுலயே நின்னுபோன பழக்கம். அத்தை என்னடான்னா, வெயிலுக்குத் தண்ணி நிறையக் குடிக்கிறா, அதான்னு சொல்றாங்க." குழந்தையின் கவுன் தோளில் நழுவிக்கொண்டிருந்தது. தீபாவளிக்குச் சரியாக இருந்த கவுனாம்! விரலில் ஒரு குத்து, மீட்டரில் 438. அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்சுலின் ஆரம்பித்தார்கள். நல்லவேளை, மயக்க நிலைக்குப் போகவில்லை.

நான் புதிதாகத் தொழில் செய்த நாளில் வாந்தி, வயிற்று வலி என்று ஒரு பையன் வந்தான். அஜீரணம் என்று மருந்து கொடுத்து அனுப்பினேன். அவன் வேகமாக, ஆழமாக மூச்சு விட்டதையும், மூச்சில் பழ வாடை அடித்ததையும் நான் கவனித்திருக்க வேண்டும். மறுநாள் நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். பிழைத்துவிட்டான் என்றாலும் அந்த இரவை நான் மறக்கவில்லை.

இருக்கட்டும். பத்து நாள் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தாள். இந்த முறை நாலு வயது மகனும் கூட. கண் வீங்கியிருந்தது.

"நான்தான் இனிப்பு கொடுத்துக் கெடுத்துட்டேன்னு வீட்டிலே பேசறாங்க. இவனுக்கும் வந்துடுமா?"

"இனிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லேம்மா" என்றேன். இது பாட்டி மாத்திரை போட்டுக்கொள்ளும் சர்க்கரை வியாதி அல்ல. நம் கணையத்தில் பீட்டா செல்கள் என்று இருக்கின்றன; இன்சுலினைச் சுரப்பவை அவைதான். கிருமிகளை விரட்ட ரத்தத்தில் டி-செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் காவல் இருக்கின்றன. சில குழந்தைகளுக்கு அந்தக் காவல்காரர்களே பீட்டா செல்லை அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறார்கள். வீட்டு நாய் வீட்டுக்காரரையே கடித்த கதைதான். ஏன் இப்படித் திரும்புகின்றன என்பதற்குப் பரம்பரை ஒரு பாதி. மீதி இன்னும் முழுசாக விளங்கவில்லை.

இது வெறும் யூகம் இல்லை. 1980களில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், நீரிழிவு உள்ள ஒருவருக்கு அவருடைய ஒட்டிப் பிறந்தாற்போல் ஒரே சாயலான இரட்டையரின் கணையத்தில் ஒரு பகுதியை வைத்தார்கள். ஒரே கருவிலிருந்து வந்தவர்கள் என்பதால் உடம்பு அதை ஒதுக்காது என்று நம்பினார்கள். ஒதுக்கவும் இல்லை. ஆனால் சில வாரங்களிலேயே சர்க்கரை திரும்பி வந்தது. எடுத்துப் பார்த்தால் புதுக் கணையத்தின் பீட்டா செல்களைச் சுற்றி டி-செல்கள் மொய்த்திருந்தன. எத்தனையோ வருஷம் கழித்தும் அவை பழைய பகையை மறக்கவில்லை!

"அப்படின்னா இவன் ரத்தத்துல அந்தச் செல் இருக்கான்னு பார்த்துடுங்களேன்" என்றாள். நல்ல கேள்வி. ஆனால் லட்சக்கணக்கான டி-செல்களில் அந்த மாதிரி ஒன்றிரண்டுதான் ரத்தத்தில் திரியும். மற்றவை கணையத்தின் பக்கமே தங்கிவிடும். குழந்தையின் கணையத்தில் ஊசி போட்டா பார்க்க முடியும்? அதோடு, நோயே இல்லாதவர்களிடமும் கொஞ்சம் காணப்படுகின்றன. 1990ல் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து இப்படிப்பட்ட டி-செல்லைப் பிரித்து வளர்த்துக் காட்டினார்கள். அதற்குப் பின் எத்தனையோ முறைகள் வந்தும், நம் கிளினிக்குகளில் செய்கிற பரிசோதனையாக அது ஆகவில்லை.

நம்மால் பார்க்க முடிவது ஆன்டிபாடியை. 1974ல் லண்டனில் முதலில் கண்டறிந்தது. இன்று இன்சுலின், ஜி.ஏ.டி., ஐ.ஏ.-2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் என்று நாலுக்கு எதிராகப் பார்க்கிறார்கள். ஆன்டிபாடி தானாகச் செல்லைக் கொல்வதாகத் தெரியவில்லை. உள்ளே சண்டை நடக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவே.

"கடிக்கிற நாயைப் பார்க்க முடியாது, குரைக்கிற சத்தத்தைத்தான் கேட்கலாம்னு சொல்றீங்க." என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள்.

அமெரிக்கா, பின்லாந்து, ஜெர்மனிக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2013ல் வெளியிட்ட கணக்கு இது: இரண்டோ அதற்கு மேலோ ஆன்டிபாடி இருந்தவர்களில் பத்து வருஷத்தில் நூற்றுக்கு 70 பேருக்கு நோய் வந்தது. ஒன்று மட்டும் இருந்தவர்களில் 15 பேருக்குத்தான். கூடப்பிறந்தவர் என்பதால் மட்டும் வருகிற ஆபத்து, மேல்நாட்டுக் கணக்கில் நூற்றுக்கு ஐந்தாறு. அதாவது தம்பிக்கு வராமலிருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம்.

தெரிந்துகொண்டு என்ன செய்வது? 2022 நவம்பரில் அமெரிக்காவில் டெப்ளிசுமாப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பதினாலு நாள் டிரிப்பாக ஏற்றுவது. டி-செல்லின் முரட்டுத்தனத்தை அடக்குகிறது. 2019ல் வெளியான ஆய்வில் நோய் வருவதைச் சுமார் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டது. தடுத்து நிறுத்தவில்லை. எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான் அப்போது அந்த அனுமதி. அங்கே அறிமுகமானபோது விலை 1,93,900 டாலர்! எனவே நம்மைப் போன்றவர்களுக்கு இப்போதைய லாபம் வேறு: முன்கூட்டித் தெரிந்தால் குழந்தை மயங்கி விழும்வரை காத்திருக்க மாட்டோம். ஆனால் இரண்டு ஆன்டிபாடி என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு டம்ளர் தண்ணீரையும் எண்ணிக்கொண்டு வாழ்கிற தாயின் பாடு? இரண்டையும் சொல்லிவிட்டு, வீட்டுக்காரரோடு கலந்து பேசச் சொன்னேன்.

பரிசோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும், திடீரென்று ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், நின்ற பழக்கம் திரும்பிப் படுக்கை நனைவது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, இதில் எது இருந்தாலும் அன்றே பாருங்கள். பாட்டியின் மீட்டர் வீட்டில் இருக்கிறதே! கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரலில் ஒட்டிய பழச்சாறுகூட ஏமாற்றும். 200ஐத் தாண்டினால் நாளைக்கு என்று தள்ளாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

போன செவ்வாய்க்கிழமை அவர்கள் இருவருமாக வந்து பையனுக்கு ரத்தம் கொடுத்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. ஊசி குத்தியதற்கு அழுதவன், மேஜை மேலிருந்த மிட்டாய் டப்பாவைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுக் கையை நீட்டினான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"விடும்மா, எடுத்துக்கட்டும்" என்றேன்.