அமெரிக்க ஃபுட்பால் டிராஃப்ட்டும் ஒரு ஒருவழிப் பாதையும்

ஒரு கற்பனை. நீங்கள் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறீர்கள். இன்னும் ஒரு வருடம் படிக்கப் போகிறீர்களா, இல்லை வேலைக்குப் போகப் போகிறீர்களா என்று ஜனவரி மாதமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வேலைதான் என்று எழுதிக் கொடுத்தால் இன்டர்வியூ பிப்ரவரி கடைசியில். ரிசல்ட் ஏப்ரல் கடைசியில். எந்தக் கம்பெனி என்று நீங்கள் சொல்ல முடியாது, கம்பெனிதான் உங்களைச் சொல்லும். சம்பளமும் ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டது. ஒருத்தரும் உங்களை எடுக்கவில்லையா? சரி, கல்லூரிக்கே திரும்பிப் போகலாம் என்றால் அந்தக் கதவும் மூடியாகிவிட்டது.

இப்படி ஒரு பிளேஸ்மென்ட் செல் நம் கல்லூரியில் இருந்தால் என்ன நடக்கும்? மறுநாளே கேட் வாசலில் ஸ்டிரைக் :)

அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் ஆடும் பையன்களுக்குக் கிட்டத்தட்ட இதுதான் நடைமுறை. (நான் சொல்வது அமெரிக்கன் ஃபுட்பால். காலால் உதைப்பது கொஞ்சம், கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதும் முட்டி மோதுவதும் நிறைய.) விளையாட்டாகப் பார்ப்பவர்களுக்கு இது விளையாட்டு. என்னை மாதிரி காமர்ஸ் படிப்பவனுக்கு இது ஒரு விசித்திரமான வேலைச் சந்தை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அடிப்படை விவரம். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் 32 அணிகள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் நடக்கும். 7 சுற்றுகள், மொத்தம் சுமார் 250 வீரர்கள். போன வருடம் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை ஜெயித்த அணிக்குக் கடைசி வாய்ப்பு. நம்ம ஐ.பி.எல். ஏலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏலத்தில் இரண்டு அணிகள் போட்டி போட்டால் வீரனின் விலை ஏறும். டிராஃப்ட்டில் உன் பெயரை ஒரு அணி சொல்லிவிட்டால் அவ்வளவுதான், வேறு எந்த அணியும் உன்னோடு பேரம் பேச முடியாது.

இதை ஆரம்பித்து வைத்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். பணக்கார அணிகளே நல்ல வீரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து 1935ல் இந்த யோசனையைச் சொன்னார். 1936ல் முதல் டிராஃப்ட். அதில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அவர் என்.எஃப்.எல்.லில் ஒரு ஆட்டம் கூட ஆடவில்லை! சம்பளப் பேச்சு படியவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆரம்பமே அமர்க்களம்.

இப்போது கல்லூரிப் பையன் இதற்குள் எப்படி நுழைகிறான் என்று பார்ப்போம். பள்ளி முடித்து மூன்று சீசன் கழிந்திருக்க வேண்டும். இதுதான் முக்கியமான விதி. நான்கு வருடத் தகுதியையும் ஆடி முடித்தவன் தானாகவே டிராஃப்ட் பட்டியலில் வந்துவிடுவான். மூன்று வருடம் முடித்து, கல்லூரியில் இன்னும் ஆடத் தகுதி பாக்கி இருக்கிறவன்தான் ஜனவரி மத்தியில் "நான் வருகிறேன்" என்று அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்கு முன் லீகின் ஆலோசனைக் குழுவிடம் கருத்துக் கேட்கலாம். முதல் சுற்றில் போவாய், இரண்டாம் சுற்றில் போவாய், இரண்டும் இல்லை என்றால் கல்லூரியிலேயே இரு என்கிற மாதிரி ஒரு பதில் வரும். அது வெறும் கருத்துதான், உத்தரவாதம் கிடையாது. கெடு முடிந்த 72 மணி நேரத்துக்குள் மனசு மாறினால் திரும்பலாம். அதற்குப் பிறகு கல்லூரி ஆட்டம் முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், இண்டியானாபோலிஸ் நகரத்தில் நடக்கும் 'கம்பைன்' என்ற பெரிய பரிசோதனை இதற்கெல்லாம் அப்புறம்தான் வருகிறது. முன்னூறுக்கும் மேற்பட்டவர்களைக் கூப்பிட்டு 40 யார்டு ஓடவிட்டு, 225 பவுண்டு எடையைத் தூக்கவிட்டு, டாக்டர்களை வைத்து முட்டியையும் தோளையும் சோதித்து, நேர்காணலும் நடத்துவார்கள். ஒரு பையனின் மதிப்பு என்ன என்று சந்தைக்கு உருப்படியாகத் தெரிவது இங்கேதான். ஆனால் அவன் முடிவெடுத்தது ஜனவரியில். பங்கை வாங்கின பிறகு பேலன்ஸ் ஷீட்டைக் காட்டுவது மாதிரி.

கல்லூரி ஃபுட்பாலில் டிராஃப்ட் தகுதி பெறுகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தேர்வாகாதவன் எந்த அணியோடும் தானே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், உண்மைதான். 1994ல் யாரும் எடுக்காத கர்ட் வார்னர் கொஞ்ச நாள் மளிகைக் கடையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தவர். பின்னால் சூப்பர் பவுல் ஜெயித்து அந்த ஆட்டத்தின் சிறந்த வீரராகவும் ஆனார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அரிதாக நடப்பதால்தானே சொல்கிறார்கள்?

இந்தப் பாதை எவ்வளவு கொடுமையாக ஒருவழி என்பதற்கு 2004ல் நடந்த ஒரு வழக்கு போதும். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் கிளாரெட் என்று ஒரு வீரர். 2002 சீசனில், முதல் வருட மாணவனாக இருக்கும்போதே அணி தேசிய சாம்பியன் ஆவதற்குப் பெரிய காரணமாக இருந்தார். அடுத்த வருடம் கல்லூரி அவரை ஆடவிடாமல் தடை செய்தது. கல்லூரியிலும் ஆட முடியாது, மூன்று வருட விதியால் என்.எஃப்.எல்.லுக்கும் போக முடியாது. கோர்ட்டுக்குப் போனார். 2004 பிப்ரவரியில் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் கிளாரெட் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

அந்தத் தீர்ப்பை நம்பி இன்னொரு பையனும் கிளம்பினார். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மைக் வில்லியம்ஸ். இரண்டே வருடம் ஆடியிருந்தார். டிராஃப்ட்டுக்கு வருகிறேன் என்று அறிவித்தார், ஏஜென்ட்டும் வைத்துக்கொண்டார். மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைக் கவிழ்த்தது. (தீர்ப்பை எழுதியவர் சோனியா சோட்டோமேயர். 2009ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்.) வில்லியம்ஸ் ஏஜென்ட்டை விட்டுவிட்டு, மறுபடி கல்லூரிக்கு ஆட அனுமதி கேட்டார். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. ஆகஸ்டில் மறுத்துவிட்டது. ஒரு முழு சீசன் வீட்டில் உட்கார்ந்தார். 2005ல் டெட்ராய்ட் லயன்ஸ் அவரைப் பத்தாவது ஆளாக எடுத்தது என்பது வேறு விஷயம். கிளாரெட்டை அதே வருடம் டென்வர் மூன்றாம் சுற்றில் எடுத்து, சீசன் தொடங்கும் முன்பே வெளியே அனுப்பிவிட்டது.

வில்லியம்ஸ் செய்த தப்பு என்ன? ஒரு நீதிமன்றம் சொன்னதை நம்பியதுதான்.

அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பின் சாரம் சுவாரசியமானது. பொதுவாகப் போட்டிக் கம்பெனிகள் எல்லாம் கூடிப் பேசி "இவனை இத்தனை வருடம் வேலைக்கு எடுக்கக் கூடாது" என்று முடிவு செய்தால் அது சந்தைப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம். 1968ல் டிராஃப்ட் ஆகி முதல் சீசனிலேயே கழுத்தில் அடிபட்டு ஆட்டத்தை இழந்த யாஸூ ஸ்மித் என்ற வீரர் போட்ட வழக்கில், அப்போதிருந்த டிராஃப்ட் முறையே சட்டவிரோதம் என்று 1976ல் தீர்ப்பும் வந்திருக்கிறது. அப்புறம் எப்படி இன்னும் நடக்கிறது? வீரர்களின் தொழிற்சங்கமும் உரிமையாளர்களும் கூட்டாகப் பேசி ஒப்புக்கொண்ட விஷயத்துக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. 1977 ஒப்பந்தத்தில் சங்கம் டிராஃப்ட்டுக்குச் சம்மதித்தது. கிளாரெட் வழக்கிலும் அதே வாதம்தான் ஜெயித்தது. சங்கத்தில் இன்னும் சேராதவனையும் அந்தப் பேச்சுவார்த்தை கட்டுப்படுத்தும்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. மேஜையின் ஒரு பக்கம் உரிமையாளர்கள். இன்னொரு பக்கம் ஏற்கெனவே லீகில் இருக்கும் வீரர்கள். 20 வயதுப் பையனுக்கு அங்கே நாற்காலியே கிடையாது. பந்தியில் இல்லாதவன் இலையில்தானே முதலில் கை வைப்பார்கள்? வைத்தார்கள். 2010ல் முதல் ஆளாக டிராஃப்ட் ஆன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உத்தரவாதம். 2011ல் புது ஒப்பந்தம் வந்து புதியவர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு போட்டார்கள். அந்த வருடம் முதல் ஆளாக வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடி. ஒரே வருடத்தில் எவ்வளவு தள்ளுபடி பாருங்கள்!

அதோடு விடவில்லை. டிராஃப்ட் ஆனவன் மூன்று சீசன் முடியும்வரை சம்பளத்தைத் திருத்திப் பேசவே முடியாது. 2022 டிராஃப்ட்டின் கடைசி ஆள், 262வது, பிராக் பர்டி. 2023 சீசனில் சான் ஃபிரான்சிஸ்கோ அணியை சூப்பர் பவுல்வரை கொண்டு போனார். அந்த சீசனில் அவர் சம்பளம் 8.7 லட்சம் டாலர். 2025ல் பேச அனுமதி வந்ததும் கிடைத்த ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு 26.5 கோடி டாலர். அதாவது வருடத்துக்கு 5.3 கோடி. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பணம் யார் பாக்கெட்டில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"கோடிக்கணக்கில் வாங்குகிறவர்களுக்கு நீ ஏன்டா கண்ணீர் விடுகிறாய்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்தத் தொழிலின் ஆயுளைப் பாருங்கள். வீரர்கள் சங்கத்தின் கணக்குப்படி சராசரி தொழில் வாழ்க்கை மூன்று வருடம் சொச்சம்தான். தெற்கு கரோலினா பல்கலைக்கழகத்தின் மார்கஸ் லாட்டிமோர் 2010ல் முதல் வருடத்திலேயே ஆயிரம் யார்டுக்கு மேல் ஓடினார். 2011ல் ஒரு முட்டி போனது. 2012ல் இன்னொரு முட்டி, அதைவிட மோசமாக. 2013ல் சான் ஃபிரான்சிஸ்கோ நான்காம் சுற்றில் எடுத்தது. ஒரு ஆட்டம் கூட ஆடாமல் 2014ல் ஓய்வு. அவர் உடம்பின் நல்ல நாட்கள் எல்லாம் காத்திருப்புக் காலத்திலேயே செலவாகிவிட்டன.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். 18 வயதுப் பையனை 28 வயது மலை மாதிரி ஆட்களோடு மோதவிட்டால் எலும்பு மிஞ்சாது என்கிறார்கள். கூடைப்பந்தில் லெப்ரான் ஜேம்ஸ் 2003ல் பள்ளியிலிருந்து நேராகப் போனதை இங்கே அப்படியே ஒப்பிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் மூன்று வருட விதியை நாளைக்கே தூக்கிப்போடு என்று நான் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டால் படிப்பை விட்டு எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்பது இரண்டாவது வாதம். அதுதான் எனக்குச் செல்லுபடியாகவில்லை.

ஏன் என்றால், 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற ஒரு வழக்குச் சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். விளைவு? 2021 டிராஃப்ட்டுக்கு முன்கூட்டியே வந்தவர்கள் 120க்கும் மேல். 2024ல் 60க்கும் குறைவு. கொரோனாவால் எல்லோருக்கும் கிடைத்த ஒரு கூடுதல் வருடத் தகுதியும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியிருக்கும். இருந்தாலும் போக்கு தெளிவு. பையன்கள் ஓடியது அவசர புத்தியால் இல்லை. கல்லூரியில் இருந்தால் சம்பளம் இல்லை, அடிபட்டால் எதிர்காலமும் இல்லை என்பதால்தான். பணம் வந்தது, பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

அப்படியென்றால் தீர்வும் கஷ்டமில்லை. டிராஃப்ட் முடிந்து, தன்னை யாரும் எடுக்கவில்லை என்று தெரிந்தவனைக் கல்லூரிக்குத் திரும்பவிடுங்கள். குறைந்தபட்சம் கம்பைன் முடிந்து ஒரு வாரம்வரை பெயரைத் திரும்பப் பெற அனுமதியுங்கள். கூடைப்பந்தில் அப்படி ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஐஸ் ஹாக்கியில் டிராஃப்ட் ஆன பிறகும் பையன் கல்லூரியில் ஆடலாம், அணியின் உரிமையும் அப்படியே இருக்கும். அங்கெல்லாம் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. ஃபுட்பாலில் மட்டும் ஏன் முடியாது? கல்லூரிப் பயிற்சியாளருக்கு அடுத்த சீசனுக்கு யார் இருக்கிறார்கள் என்று ஜனவரியிலேயே தெரிய வேண்டுமாம். பயிற்சியாளரின் வசதிக்காக ஒரு மாணவனின் மொத்த எதிர்காலத்துக்கும் 72 மணி நேரக் கெடு!

போட்டி சமமாக இருக்க டிராஃப்ட் வேண்டும் என்றால் இருக்கட்டும். மூன்று வருடக் காத்திருப்பும் இருக்கட்டும். ஆனால் ரிஸ்க் முழுவதையும் 20 வயதுப் பையன் தலையில் கட்டிவிட்டு, லாபத்தை மட்டும் மேஜையில் உட்கார்ந்தவர்கள் பங்கு போட்டுக்கொள்வதற்குப் பெயர் ஒப்பந்தம் இல்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் இன்னும் ஒரு நாற்காலி போடுங்கள். அதைத்தான் கேட்கிறேன்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? திட்டுவதானாலும் பரவாயில்லை, காரணத்தோடு திட்டுங்கள் :)