அறளை பெயர்ந்தோரைப் பேணுதல்

நம் கல்லூரியின் விழா மலர்களிலே அதிபர்களின் அருந்தொண்டு, ஆட்டக்களத்து வெற்றிகள், விடுதிச்சாலை நினைவுகள் முதலியன இடம்பெறுதல் மரபு. அவற்றை என்னினும் நன்றாக எழுதவல்லார் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் விழாவுக்கு ஏற்றதன்று என்று சிலர் முகஞ்சுளிக்கவுங் கூடும். ஆயினும், இம்மலரைக் கையிற் கொள்ளும் அன்பர்களுட் பெரும்பாலார் எழுபதை அணுகுகின்றவர், அல்லது எழுபதைக் கடந்த பெற்றோரை உடையவர். மாணவரின் இளமையைக் கொண்டாடும் சங்கம் அவர்தம் முதுமையைப் பற்றியும் ஒருநாள் பேசத்தான் வேண்டும். அந்நாள் விழா நாளாக இருப்பதிற் குற்றமில்லை.

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே "அறளை பெயர்தல்" என்றொரு தொடர் உண்டு. முதியவர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும், உண்டதை மறந்து "இன்னும் சோறு தரவில்லை" என்று அயலாரிடம் முறையிட்டாலும், "அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்கிறோம். இந்நிலைக்கென நம் முன்னோர் தனித்தொடர் ஒன்றை வைத்திருந்தமை அவர்கள் அதனைக் கூர்ந்து நோக்கியிருந்தனர் என்பதற்குச் சான்றாகும். நாமோ அத்தொடரை ஏச்சாக்கிவிட்டோம். திறப்பை எங்கோ வைத்துவிட்டுத் தேடும் இளைஞனையும் "உனக்கென்ன, அறளை பெயர்ந்துவிட்டதா?" என்று கேட்கிறோம். நோயின் பெயர் ஏச்சாகிவிட்ட ஊரிலே நோயாளரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் எண்ணம் எவ்வாறு எழும்? "வயதானால் இப்படித்தான்" என்ற சொல்லோடு விடயம் முடிந்துவிடுகிறது.

வயதானால் எல்லாரும் இப்படி ஆவதில்லை. செருமனி நாட்டிலே அலோயிஸ் அல்ஸைமர் என்னும் வைத்தியர், ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து வைத்தியசாலையில் 1901ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட பெண்மணி ஒருவரைக் கண்டார். கணவரின் பெயரையும் தம் பெயரையும் தடுமாறிச் சொன்ன அப்பெண்மணிக்கு அப்போது வயது 51 தான். அவர் 1906இல் இறந்தபின், அல்ஸைமர் அவருடைய மூளையை ஆராய்ந்து, அதிற் கண்ட படிவுகளையும் முடிச்சுக்களையும் அவ்வாண்டிலேயே அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். நினைவு குன்றும் நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவதற்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் கெடுவதனால் வருவதும், வேறு காரணங்களால் வருவதும் உண்டு. இவையனைத்தையும் டிமென்சியா என்று வைத்தியர் கூறுவர். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் மக்கள் இந்நிலையில் இருந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் நாட்டிலே றாகமைப் பகுதியில் நிகழ்ந்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 65 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர்க்கு இது உண்டெனக் கண்டது.

முற்றாக மாற்றும் மருந்து இன்றில்லை. ஆயினும் வைத்தியரிடம் செல்வதற்கு வலுவான காரணம் ஒன்றுண்டு. தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும், விற்றமின் பி12 குறைந்தாலும், மனச்சோர்வு மிகுந்தாலும், உண்ணும் குளிசைகள் ஒன்றோடொன்று மாறுபட்டாலும் இதனைப் போன்ற தடுமாற்றம் தோன்றலாம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனப் பிதற்றுவாராயின் அது சிறுநீர்த்தொற்றாகவும் இருக்கலாம். இவையெல்லாம் வைத்தியத்திற்கு வசமாகக் கூடியவை. அறளை என்று ஒதுக்கிவிட்டால் வசமாகக் கூடியதும் வசமாகாது போய்விடும்.

இனி வீட்டு நிலையைச் சொல்கிறேன். எங்கள் இல்லத்திலே என் தந்தையார் ஐந்தாண்டுகளாக இந்நோயோடு வாழ்கிறார். அவர் புகையிரதப் பகுதியிலே நிலைய அதிபராகக் கடமையாற்றி இளைப்பாறியவர். வடபகுதிப் புகையிரதப் பாதை 1990இல் அறுந்ததையும், 2014இல் யாழ்ப்பாணம்வரை மீண்டும் வண்டி வந்ததையும் கண்ணாற் கண்டவர். இன்று அவ்விரண்டும் அவர் நினைவில் இல்லை. மாலை ஐந்து மணியானதும் கடமைக்குப் புறப்படுகிறார். வெள்ளைக் காற்சட்டை எங்கே, கைவிளக்கு எங்கே என்று அலுமாரியைக் கிளறுகிறார். யாழ்தேவி வருகிறது, நிலையத்தில் ஒருவருமில்லை என்று பதறுகிறார். பொழுதுபடும் வேளையில் இத்தகைய பதற்றம் மிகுவது இந்நோயின் இயல்பென்று வைத்தியர் கூறினார்.

அந்நேரத்தில் "நீங்கள் இளைப்பாறி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது" என்று உண்மையை உரைப்பதனால் ஆவது யாது? அவர் நம்புவதில்லை. நம்மைப் பகைவராகவே எண்ணுகிறார். என் மனைவியார் வேறு வழி கொண்டுள்ளார். "மாமா, இன்றைக்கு வண்டி பிந்தித்தான் வருகிறதாம். இந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போங்கோ" என்பார். அவர் சாய்மனைக் கதிரையில் அமர்ந்துவிடுவார். அரை மணி நேரத்தில் வண்டியும் மறந்துபோகும். இது பொய்யன்றோ என வினவுவார்க்கு, வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலேயே இதற்கு இடம் வைத்துள்ளார் என்பதை நம் கல்லூரியிற் குறள் கற்றவர் அறிவர்.

அயலிலே ஒரு மூதாட்டி இருந்தார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்ததை வாசகர் மறந்திரார். அவ்வம்மையார் தம் பேரப்பிள்ளைகளின் பெயர்களை மறந்தார். அந்த இரவை மறந்தாரில்லை. நள்ளிரவில் எழுந்து சேலையிற் சட்டிபானைகளைக் கட்டி, இறந்துபோன கணவரை "வெளிக்கிடுங்கோ" என்று எழுப்புவார். அண்மைக்கால நினைவு முதலில் அழிய, பழைய நினைவு பின்னும் நிற்றலே இந்நோயின் போக்கு. நம் நாட்டு முதியோர்க்கு அப்பழைய நினைவிலே எவையெவை கிடக்கின்றன என்பதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகிறது. பிற நாட்டு நூல்கள் இதனைப் பற்றிச் சிறிதே கூறும். இது நாமே நம் வீடுகளிற் கண்டு கற்கவேண்டியது. அந்த அம்மையாரின் மகள் விளக்கேற்றி, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தை ஒருமுறை சுற்றிவந்து, "வந்து சேர்ந்துவிட்டோம், இனிப் படுங்கோ" என்பார். எந்தப் பயிற்சிக் கல்லூரியிற் கற்றார் அவர்?

இங்கே ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாதிருக்க முடியவில்லை. நோயாளரைப் பார்க்க வருவோர் வாயிலில் நுழைந்ததும் கேட்கும் முதல் வினா, "என்னை யாரென்று தெரிகிறதா?" என்பதாகும். தெரியவில்லையாயின் விடுவதில்லை. "வடிவாகப் பாருங்கோ", "சொல்லுங்கோ பார்ப்போம்" என்று தொடர்வர். வெளிநாட்டிலிருந்து வட்ஸ்அப்பில் முகங்காட்டும் பிள்ளைகளும் இதனையே செய்கின்றனர். வந்தவர் சிரிக்கிறார். சூழ நிற்போரும் சிரிக்கின்றனர். முதியவர் ஒருவர் முகத்திலிருந்து மற்றொருவர் முகத்துக்குப் பார்வையைத் திருப்பி, தாம் ஏதோ தவறிவிட்டதை மட்டும் உணர்ந்து தலைகுனிகிறார். விடை கூறமுடியாத வினாவைப் பலர் முன்னிலையில் ஒரு பிள்ளையிடம் கேட்டல் ஆகாது என்று ஆசிரிய கலாசாலையிலே முதலாண்டிற் கற்பித்தார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குக் காட்டும் அந்த மரியாதையை எண்பது வயதுப் பெரியவருக்குக் காட்டலாகாதா? "ஐயா, நான் உங்கள் தம்பியின் மகன், கொக்குவிலில் இருந்து வந்திருக்கிறேன்" என்று தாமே சொல்லி அமர்ந்தால் என்ன குறைந்துவிடும்? பெயரை மறந்தவர் அன்பை மறப்பதில்லை. என் தந்தையார் என்னைச் சில நாள் "தம்பி" என்பார், சில நாள் "மாஸ்ரர்" என்பார். எப்படி அழைத்தாலும் கையைப் பிடித்துக்கொள்கிறார். சிவபுராணத்துக்கு முதலெடுத்துக் கொடுத்தால் ஈறுவரை ஓதுகிறார். அவரைக் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறோம். கூட்டமில்லாத காலைப் பூசையாகப் பார்த்துச் செல்கிறோம், அவ்வளவே.

இவ்வளவும் செய்வது யார் என்ற வினாவுக்கு இப்போது வருகிறேன். என் கட்டுரையின் கருத்தும் இதுதான். இந்நோயாளர்க்கு உலகெங்கும் செய்யப்படும் பராமரிப்பு நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களின் நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம்மூர்க் கணக்கை எடுப்பின் அது இன்னும் மிகுந்தே நிற்குமென்பது என் துணிபு. மணமாகாத மகள், கணவனை இழந்த மகள், அல்லது கடைசி மகனின் மனைவி ஆகிய இம்மூவருள் ஒருத்தியின் தலையிற் பொறுப்பு இறங்குகிறது. ஏனையோர் அவளைப் "புண்ணியவதி" என்று புகழ்ந்துவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போய்விடுகின்றனர். இரவில் இரண்டு மூன்று முறை எழவேண்டும். கிணற்றடிக்குத் தனியே போகாமற் காக்கவேண்டும். ஆடை நனைந்தால் மாற்றவேண்டும். திருடி என்று ஏசினாலும் பொறுக்கவேண்டும். எங்கள் வீட்டிலே குளிப்பாட்டலும் இரவு விழிப்பும் என்னுடையவை. பகல் முழுதும் மனைவியாருடையது. வாரத்தில் இருநாள் என் தமக்கையார் வருகிறார். மூவர் இருந்தும், சென்ற ஆவணியில் தம் தங்கை மகளின் திருமணத்துக்குச் சென்ற என் மனைவியார் தாலிகட்டு முடிந்ததும் பந்திக்கு இராமல் ஓடிவந்தார். ஒருத்தியே இருக்கும் வீடுகளின் நிலையை வாசகரே எண்ணிக்கொள்க. நோயாளர்க்கு முன்னே பராமரிப்பவர் படுக்கையில் விழுந்த வீடுகளையும் அறிவேன்.

பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டிலுண்டு. வறிய பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்டு முறையிடுவதற்கும் அதில் வழியுண்டு. நல்ல சட்டமே. ஆயினும் சட்டம் பணத்தை வாங்கித் தருமேயன்றி ஓரிரவு விழித்திராது. கடல்கடந்த உடன்பிறந்தார் அனுப்பும் பணத்துக்கும் இது பொருந்தும். அப்பணம் வேண்டியதே. பெரியோர்க்குரிய பம்பர்ஸின் விலை எங்களைப் போன்றோர் சம்பளத்துக்கு எட்டுவதாயில்லை. ஆனால், பணம் அனுப்புவோர் அதனோடு ஆலோசனையும் அனுப்புகின்றனர். "ஏன் மெலிந்திருக்கிறார்?", "ஏன் கதவைப் பூட்டினீர்கள்?" என்று தொலைபேசியில் விசாரணை நடத்துவோர், விடுமுறைக்கு வரும்போது மூன்று வாரத்தில் ஒரு வாரத்தையேனும் பராமரிப்பவளுக்கு விடுதலையாகக் கொடுத்துத் தாமே இரவில் விழித்திருந்து பார்க்கட்டும். அதன்பின் கேட்கும் வினாக்கள் வேறாயிருக்கும்.

நம் சங்கம் இவ்விழாவையொட்டிப் புதிய நுழைவாயில் வளைவு ஒன்று கட்ட எண்ணியிருப்பதாக அறிகிறேன். வளைவை வெறுப்பவனல்லன் நான். ஆனால், அதனை ஓராண்டு பிற்போடலாம். கல்லூரிக்கு அண்மையிலே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, வாரத்தில் இருநாள், காலை எட்டரை முதல் பன்னிரண்டரை வரை, அறளை பெயர்ந்த பெரியோரை அங்கே வைத்துப் பார்க்கலாம். கிணற்றுக்கு மூடி வேண்டும். படலைக்குப் பூட்டு வேண்டும். வழுக்காத தரை வேண்டும். இளைப்பாறிய தாதி ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தவேண்டும். மற்றவற்றுக்கு இளைப்பாறிய பழைய மாணவர் முறைவைத்து வந்தாற் போதும். பழைய பாட்டுப் போடுவார்கள், தாயம் விளையாடுவார்கள், தேவாரம் ஓதுவார்கள், பத்திரிகை வாசிப்பார்கள். கொழும்பிலே லங்கா அல்ஸைமர் நிறுவனம் 2001ஆம் ஆண்டு முதல் இத்துறையிலே தொண்டாற்றி வருகிறது. அங்கே இருவரை அனுப்பி அறிந்துவரலாம். வாடகையையும் சம்பளத்தையும் லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் நகரங்களிலுள்ள நம் அன்பர்கள் ஏற்றுக்கொள்ளலாம். அங்குள்ள முதியோர்க்கு இத்தகைய பகற்பொழுது நிலையங்கள் இருப்பதை அவர்கள் நேரிற் கண்டவர்கள்.

வீட்டுக் குறையை ஊரறியச் செய்வதா என்று சிலர் தயங்குவர். ஊர் ஏற்கெனவே அறியும். மாலை வேளையில் எங்கள் தந்தையாரின் குரல் மூன்று வளவுக்குக் கேட்கிறது. "பெற்றாரைப் பிறரிடம் விடுவதா?" என்போரும் உளர். நான்கு மணி நேரம் விடுவது கைவிடுதலாகாது. அந்நான்கு மணி நேரத்தில் ஒரு பெண் தன் தாயைப் பார்த்துவரலாம், தன் பல்வலிக்கு வைத்தியரிடம் போகலாம், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு உறங்கலாம்.

இதனை அடுத்த பொதுக்கூட்டத்திலே பிரேரணையாக எழுதிக் கொடுக்க உள்ளேன். முதலாண்டுக்கு எட்டுப் பேரை மட்டும் ஏற்பது, ஆண்டிறுதியிற் கணக்கும் அனுபவமும் அவைக்கு வைப்பது, தொடர்வதா விடுவதா என்று அப்போது தீர்மானிப்பது என்பதே அதன் சுருக்கம். முறைவைத்து வருவதாக மூவர் ஏற்கெனவே பெயர் தந்துள்ளனர். பிரேரணையை வழிமொழிய ஒருவர் வேண்டும்.