ஒரு கிலோ கம்பியை மிச்சம் பிடிக்கலாமா?

சிந்தாதிரிப்பேட்டை ரெயில் நிலையத்தில் இறங்கி அண்ணா சாலைக்கு நடக்கிறவர்கள் ஒரு நிமிடம் தலையை தூக்கிப் பார்க்க வேண்டும். சந்தோ குறுகல். இருபுறமும் பழைய வீடுகள். அந்தச் சுண்ணாம்புச் சுவரை கொத்தி, புதிதாக நீட்டிய பால்கனியும் சன்ஷேடும்! மழை வந்தால் ஜனங்கள் ஒதுங்குவது அதன் கீழேதான்.

அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

"நல்ல கம்பிதான் சார் போட்டிருக்கு" என்பார் மேஸ்திரி. அது போதாது. கம்பி உள்ளே எத்தனை தூரம் போயிருக்கிறது? அரை அங்குலம் இறங்கிய ஆணியில் யாராவது அண்டாவை மாட்டுவார்களா?

ஒன்றேகால் அடி

2000-ம் ஆண்டு திருத்திய ஐ.எஸ். 456 விதியின் கணக்குப்படி, எம்-20 கான்கிரீட்டில் 415 ரக முறுக்கு கம்பிக்கு அதன் தடிமனைப்போல் 47 மடங்கு பிடிமானம் வேண்டும். 8 மில்லி கம்பிக்கு சுமார் ஒன்றேகால் அடி. 9 அங்குலச் சுவரில் அது நேராக அடங்காது. லிண்டலுக்குள் மடக்கி விடவேண்டும். பால்கனி என்றால் உள் அறைத் தளத்துக்குள் ஓடவேண்டும். வெளியே 3 அடி நீட்டினால் உள்ளே நாலரை அடி என்பது பொறியாளர்களின் நடைமுறை. பழைய செங்கல் சுவரில் பொந்து போட்டு கம்பியை சொருகினால் அது பிடிமானம் ஆகாது.

இன்னொன்று: நீட்டிய தளத்தில் இழுவிசை மேல்பக்கம். கம்பியும் மேலே இருக்கவேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அது கீழே போய்விட்டால், இருந்தும் இல்லாத கதைதான்.

யார் தலையில்?

2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில், பழைய வாரியக் குடியிருப்பின் சன்ஷேடு விழுந்து ஒரு இளைஞர் பலியானார். கம்பி குறைந்தாலும் சரி, துருப்பிடித்தாலும் சரி, விழுவது கீழே நிற்பவர் தலையில்தான்.

4 அடி சன்ஷேடுக்கு அரை அடிக்கு ஒன்றாக 9 கம்பி. ஒவ்வொன்றிலும் ஓர் அடி குறைத்தால் மிச்சம் எவ்வளவு? சுமார் ஒரு கிலோ இரும்பு! இதற்காகவா இந்த விளையாட்டு?

கான்கிரீட் போட்டபின் எந்த அதிகாரி வந்தும் பயனில்லை. கம்பி கட்டிய அன்றே பொறியாளர் வந்து அளக்க வேண்டும். மாநகராட்சி அதை கட்டாயமாக்க வேண்டும். வீட்டுக்காரரும் கையில் டேப்போடு சாரம் ஏறட்டும். பூசி, வெள்ளை அடித்தபிறகு உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்?