சாரமற்ற சாந்து



மும்பையில் எங்கள் சபை கூடிவரும் மண்டபத்தில் ஸ்பீக்கர் ஒயர்கள் நெடுநாள் தரையிலேயே கிடந்தன. ஒரு ஞாயிறு ஆராதனையில், காணிக்கை செலுத்த வந்த வயதான தாயார் ஒருவர் அதில் கால் தடுக்கி விழுந்தார். கர்த்தருடைய கிருபையால் எலும்பு முறியவில்லை. ஒயர்களைச் சுவருக்குள் மறைத்துவிட மூப்பர்கள் தீர்மானித்தார்கள். மண்டப உரிமையாளரும் சம்மதித்தார். சபை ஆண்டுவிழாவுக்கோ பத்து நாட்களே இருந்தன.

சுவரில் காடி வெட்டி, பைப் இல்லாமலே ஒயரைப் பதித்து, சிமெண்ட் பூசி, மூன்றாம் நாளே பெயிண்ட் அடித்தார்கள். அவசரப்படுத்தியவன் நானே. விழா நாளில் சுவர் அழகாயிருந்தது. இரண்டு மாதத்தில் காடி சென்ற வழியெல்லாம் மயிரிழைபோல் வெடிப்பு ஓடியது. பின்பு ஒரு ஸ்பீக்கர் கரகரத்து ஊமையாயிற்று. ஒயர் நீளம் போதாமல், நடுவில் முறுக்கி டேப் சுற்றிய இடம் சுவருக்குள்ளே தளர்ந்திருந்தது. மறுபடியும் சுவரை உடைத்தோம்.

இம்முறை வந்த கொத்தனார் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த முதியவர். காடியை மேலிருந்து கீழாக நேரே வெட்டினார். குறுக்கே நீளமாக வெட்டினால் சுவர் பலமிழக்குமாம். தூணையும் பீமையும் தொடவில்லை. எலக்ட்ரீசியன் ஒயரை இடையில் இணைப்பின்றிப் பைப்புக்குள் இழுத்தார். மின்சார லைனுக்கு வேறு பைப். பூசுவதற்கு முன்பே எல்லா ஸ்பீக்கரையும் ஒலிக்கச் செய்து பார்த்தோம்.

பின்பு கொத்தனார் தூசியைத் துடைத்து, காடியைத் தண்ணீரால் நனைத்தார். உலர்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும் அல்லவா? இருபுறமும் படியும்படி கோழிவலை அடித்து, 1 பங்கு சிமெண்டுக்கு 4 பங்கு மணல் கலந்து பூசினார். 7 நாள் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். நன்றாய் உலர்ந்த பின்பே பட்டியும் பிரைமரும் பெயிண்டும்.

"ஐயா, பூச்சு தப்ப மறைக்கும், சரியாக்காது" என்றார் அவர். அந்த வார்த்தை என் இருதயத்தைக் குத்தியது.

காரணம் உண்டு. அதே ஆண்டுவிழாவுக்கு முன், கடன் பணத்தைக் குறித்து இரண்டு சகோதரருக்குள் பிணக்கு இருந்தது. நான் கணக்கைக் கேட்கவில்லை. கைகுலுக்கச் செய்து, ஜெபித்து, ஒரே மேடையில் அமர்த்தினேன். சில மாதங்களில் ஒரு குடும்பம் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டது. நான் பூசியதும் சாரமற்ற சாந்துதான்! எசேக்கியேல் 13-ஆம் அதிகாரம், சமாதானமில்லாதபோது சமாதானம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை அல்லவா கண்டிக்கிறது?

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில், தோஷமுள்ள வீட்டை ஆசாரியன் 7 நாள் அடைத்துவைத்துப் பார்க்கிறான். தோஷம் படர்ந்திருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டிய பிறகே புதுச் சாந்து பூசவேண்டும்.

நான் அந்தச் சகோதரர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். இருவரையும் நோட்டுப் புத்தகத்தோடு உட்காரவைத்தேன். பல வாரங்கள் ஆயின. பணம் இப்போது மாதந்தோறும் திரும்பி வருகிறது. அக்குடும்பமும் ஆராதனைக்கு வருகிறது. பழைய சிநேகம் இன்னும் முழுமையாகவில்லை. நாங்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறோம்.

அன்பானவர்களே, உங்கள் சுவருக்குள் மறைந்திருப்பது என்ன? மனைவிக்குச் சொல்லாத கடனா? வேலை போனபின்பும் ஊரிலுள்ள பெற்றோரிடம் "சுகமாயிருக்கிறோம்" என்று சொல்லும் பொய்யா? விசுவாசிகள் முன் சிரித்து, வீட்டில் பேசாதிருக்கும் மௌனமா? வெடிப்பு தோன்றுமுன் திறந்துவிடுங்கள். தூசி பறக்கும், வெட்கமாயிருக்கும். ஆனாலும் உடைத்துச் சீர்ப்படுத்துகிற கர்த்தர் உங்களைக் கைவிடமாட்டார்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, நாங்கள் மூடிவைத்ததை உமது வெளிச்சத்தில் திறக்கத் தைரியம் தாரும். காத்திருக்கப் பொறுமை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.