ஊட்டிக்குப் போய்வர எவ்வளவு ஆகும்?

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு விசித்திரமான மாறுதல் உண்டாகிறது. பதினொரு மாதமாக மளிகைக் கடைச் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காத குடும்பத் தலைவர், இரவுச் சாப்பாடு ஆனதும் ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார். இந்தத் தடவை ஊட்டி என்று வைத்துக்கொள்வோம். ரயிலுக்கு இவ்வளவு, அறைக்கு இவ்வளவு, சுற்றிப் பார்க்கக் காருக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று நாலே வரி. அடியில் ஒரு கோடு. "அவ்வளவுதானே! பேஷாகப் போய்வரலாம்" என்று காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

அந்த நாலு வரிகளில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் எழுதாமல் விட்டுப்போன செலவையும் யாராவது கொடுத்துத்தானே ஆகவேண்டும்? அந்த 'யாராவது' யார் என்பதை இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

என் சிநேகிதி ஒருத்தி சென்ற மே மாதம் கணவரும் இரண்டு குழந்தைகளுமாகச் சென்னையிலிருந்து ஊட்டிக்குப் போய் மூன்று இரவு தங்கிவிட்டு வந்தாள். புறப்படும்போது போட்ட திட்டம் 27,500 ரூபாய். திரும்பி வந்து அவள் தன் நோட்டுப் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தபோது 40,100 ஆகியிருந்தது. யாரும் திருடவில்லை, ஆடம்பரமும் செய்யவில்லை. வீட்டிலிருந்து சென்ட்ரலுக்கும் திரும்பி வருவதற்கும் டாக்ஸி 1,200. அறையில் குழந்தைகளுக்குப் போட்ட கூடுதல் மெத்தைக்கு நாள் ஒன்றுக்கு 700 வீதம் 2,100. போன தடவை வாங்கிய ஸ்வெட்டர்கள் குழந்தைகளின் முழங்கையோடு நின்றுவிட்டன. புதிதாக இரண்டு, 1,800. பூங்கா டிக்கெட், படகு, குதிரைச் சவாரி எல்லாம் சேர்ந்து 2,600. கார் டிரைவருக்கு பேட்டா 700. மலைப் பாதையில் சின்னவனுக்கு வாந்தி, பிறகு ஜுரம், மருந்துக்கு 500. அக்கம் பக்கத்தாருக்கும் உறவினருக்கும் வர்க்கி, சாக்லேட், தேயிலைத் தூள், நீலகிரித் தைலம் என்று 3,100. திரும்பி வந்த அன்று வீட்டில் பாலும் இல்லை, மாவும் இல்லை; ஹோட்டல் டிபன் 600. ஆகமொத்தம் 12,600 ரூபாய்.

இந்தப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் எங்கிருந்து வந்தது? பாதியை அந்த மாதத்துக் குடும்பச் செலவுப் பணத்திலிருந்து எடுத்தாள். மீதிப் பாதி, அவள் மூக்குக் கண்ணாடி மாற்றுவதற்கென்று அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒதுக்கி வைத்திருந்த தொகை. கண்ணாடி தீபாவளிக்குத் தள்ளிப்போயிற்று. ஐந்து மாதம் அவள் ஊசியில் நூல் கோக்கப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கணவர் நல்லவர்தான், "27,500-ல் முடித்துவிட்டோம், பார்த்தாயா!" என்று ஆபீசில் பெருமையடித்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருடைய காகிதத்தில் அவ்வளவுதானே எழுதியிருந்தது?

ஆகவே, லீவுக்குப் பட்ஜெட் போடும்போது ஊட்டியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்; ஜூன் மாதத்திலிருந்து ஆரம்பியுங்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் கட்டவேண்டிய சம்பளம், யூனிபாரம் தையற்கூலி, காலணி, நோட்டுப் புத்தகம், ஆட்டோ அல்லது பஸ்ஸுக்கு முன்பணம் இத்தனையையும் முதலில் எழுதி, அந்தப் பணத்தை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் லீவுப் பணம். மிச்சம் இருபதாயிரம் என்றால் இருபதாயிரத்துக்கு ஏற்ற ஊர், ஏற்ற நாட்கள். நாலு நாளை மூன்றாக்கினால் ஒரு இரவு வாடகையும், ஒரு நாள் காரும், மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்து குறைகின்றன. சாப்பாட்டில் கைவைத்து நாலு நாளும் குழந்தைகளை "இட்லி போதும்" என்று அதட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த மிச்சத்தையும் முழுக்கச் செலவுக்குப் பங்கு போட்டுவிடக் கூடாது. என் சிநேகிதியின் கணக்கில் விட்டுப்போனது, எழுதியதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. எழுதத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிட்டாலும் ஜுரமும் மழையும் சொல்லிக்கொண்டா வருகின்றன? பத்தில் ஒரு பங்கைத் தனி உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். பிரிக்காமல் திரும்பி வந்தால் நல்லதாயிற்று; அது கண்ணாடிக்கு.

ரயில் விஷயத்தில் ஏப்ரலில் காகிதம் எடுப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் காத்திருக்கும். 2024 நவம்பரில் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். அந்தக் கணக்கில் மே பத்தாம் தேதிப் பயணத்துக்கு மார்ச் இரண்டாவது வாரத்திலேயே டிக்கெட் வாங்கவேண்டும், அதாவது குழந்தைகளின் பரீட்சைக்கு நடுவில். தவறவிட்டால் தத்காலுக்கு அதிகப் பணம் கொடுக்க நேரும். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு நிரம்பாத குழந்தைக்கு அரை டிக்கெட் என்ற பழைய நினைப்பும் வேண்டாம். 2016 ஏப்ரலிலிருந்து, தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம்தான். பாட்டியை அழைத்துப் போகிறீர்களா? மூத்தவர்களுக்கு இருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அவருக்கும் முழு டிக்கெட் என்றே எழுதிக்கொள்ளுங்கள். "எல்.டி.சி. இருக்கிறதே!" என்று சில வீடுகளில் நிம்மதியாக இருப்பார்கள். அது பயணக் கட்டணத்தோடு சரி. அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு காசு கிடையாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். 46 கிலோமீட்டர் ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும் நிதானமான வண்டி. செங்குத்தான பகுதியில் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் அது, 1908-லிருந்து ஊட்டிவரை வருகிறது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றுவிட்டது. அந்தப் பயணமே ஒரு நாள் வேடிக்கை அல்லவா? அன்றைக்குச் சுற்றிப் பார்க்கக் கார் வேண்டாம் என்று கணக்கில் அடித்துவிடலாம். இடம் கிடைக்காவிட்டால் பஸ் இருக்கிறது.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. 2025 கோடையில் நீலகிரிக்குச் சாதாரண நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று எண்ணிக்கையையும் கட்டினார்கள். புறப்படுமுன் அவ்வருஷத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை ஏறி வெள்ளிக்கிழமை இறங்குகிற மாதிரி வைத்துக்கொண்டால் நெரிசல் குறைவு. அறை வாடகையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். வாடகை கேட்கும்போது வரி சேர்த்தா, மெத்தை சேர்த்தா, காலைப் பலகாரம் உண்டா என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் கூடாது. பாட்டி காலத்துக் கூஜா இருந்தால் எடுத்துத் துலக்கி வையுங்கள்.

இப்போது ஒரு தகராறான விஷயம். சமையலறையோடு கூடிய காட்டேஜ் எடுத்தால் செலவு பாதி என்று யாராவது கட்டாயம் யோசனை சொல்வார்கள். அரிசி பருப்பு விலையைப் பார்த்தால் உண்மைதான். ஆனால் அங்கே அடுப்படியில் நிற்கப்போவது யார்? ஏழாயிரம் அடி உயரத்தில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பதற்கு மாம்பலமே போதாதா? ரயிலுக்குக் கட்டும் புளியோதரையை நான் ஆட்சேபிக்க மாட்டேன். அது இல்லாமல் ரயில் ஏறினால் நமக்குப் பிரயாணம் செய்த மாதிரியே இருக்காது. காட்டேஜ்தான் கட்டுப்படியாகும் என்றால் காலைக் காப்பியும் இரவுத் தயிர்சாதமும் அங்கே ஆகட்டும். தயிர்சாதம் கணவர் கலக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டை வெளியே என்று பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

பரிசுப் பொருள்களுக்குப் பெயர் எழுதாமல் கடைக்குள் நுழைந்தால் ஆபத்து. வாங்க வாங்க ஒரு சித்தி ஞாபகத்துக்கு வருவார். வீட்டிலேயே ஜாபிதா எழுதிக்கொள்ளுங்கள். செடிகளுக்குத் தண்ணீர் விட்ட பக்கத்து வீட்டுக்காரரும், வேலைக்கு வரும் அம்மாளும் முதல் இரண்டு பெயர்கள். ஒரு கிலோ தேயிலைத் தூள் வாங்கிக் காகிதப் பைகளில் பிரித்தால் எட்டு வீடுகளுக்குத் தாராளமாக வரும். குழந்தைகள் கையில் ஆளுக்கு 300 ரூபாய் கொடுத்து, குதிரையா பொம்மையா என்று அவர்களையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். "அது வேண்டும், இது வேண்டும்" என்ற பிடுங்கல் பாதி குறைந்துவிடும்.

குழந்தைகளுக்கு எழுதியதற்கு அடுத்த வரியில் 'அம்மா' என்று எழுதி ஒரு தொகை போடுங்கள், ஆயிரமோ ஐந்நூறோ. அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். திரும்பும் ரயில், பள்ளிக்கூடமும் ஆபீசும் திறப்பதற்கு ஒரு நாள் முன்னதாக வந்து சேர்வதாக இருக்கட்டும். அழுக்குத் துணி மூட்டையை அன்று யாரும் அவிழ்க்க வேண்டாம். காலை டிபன் ஹோட்டலிலிருந்து வரட்டும். அதற்கும் பட்ஜெட்டில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.