குத்தூசி போடாமல் வாங்கிய மதர்போர்டு

துவரம் பருப்பு மூட்டை வந்து இறங்கினால் குத்தூசி போட்டு ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, இரண்டைக் கடித்தும் பார்த்த பிறகுதான் சரக்கை ஏற்கிறோம். நாற்பது வருடமாக இந்தப் பழக்கத்தில் ஊறிய நாம், பில் போடும் கம்ப்யூட்டருக்குப் பழைய மதர்போர்டு வாங்கும்போது மட்டும் அட்டைப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதன் பலனை 2025 தீபாவளி நேரத்தில் அனுபவித்தோம்.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. அதற்குப் பத்து நாள் முன்பு, ஓர் இடி மழை இரவுக்குப் பிறகு மண்டியின் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். நம்முடையது இன்டெல் ஏழாம் தலைமுறை புராசஸர். அதற்குப் பொருந்தும் போர்டு ஊரில் புதிதாகக் கிடைக்கவில்லை. ஒரு பழைய சாமான் கடையில் 2,200 ரூபாய்க்குக் கிடைத்தது. பில் இல்லை. "ஓடிக்கொண்டிருந்ததுதான் அண்ணாச்சி" என்ற வாய்வார்த்தை மட்டும் உண்டு.

போர்டை மாட்டிய தம்பி, விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார். ஆரம்பித்தால் பாதியில் நின்றது. முதல் தடவை 32 சதவீதத்தில், அடுத்த தடவை 71-இல், மூன்றாம் தடவை 18-இல். பென்டிரைவ் சரியில்லை என்று வேறொன்று வாங்கினோம். அதே கதை. கடைசியில் தம்பி, "டிஸ்க்கில்தான் கோளாறு, முழுவதும் அழித்துவிட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்றார்.

அந்த டிஸ்க்கில் பதினோரு வருடப் பற்று வரவு இருந்தது. நகல் கடைசியாக எடுத்தது ஆடி மாதம். ஆவணி, புரட்டாசியில் கடன் சரக்கு கொண்டுபோன சில்லறைக் கடைக்காரர்களின் நிலுவை அதில் மட்டும்தான் இருந்தது. "அழிக்க வேண்டாம், கழற்றிக் கொடு" என்று வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். அந்த வாரத்தில் நாம் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான். சோதனைக்கு என்று சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று புதிதாக வாங்கினோம். அதிலும் விண்டோஸ் பாதியில் நின்றபோதுதான், குற்றம் டிஸ்க்கின்மேல் இல்லை என்று உறுதியாயிற்று.

பிறகு பக்கத்து ஊரிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் விண்டோஸைத் தொடவே இல்லை. போர்டில் புராசஸர், ஒரே ஒரு ராம், மானிட்டர், கீபோர்டு இவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றினார். மெம்டெஸ்ட்86 என்ற சோதனையைப் பென்டிரைவிலிருந்து ஓடவிட்டார். ராமைச் சோதிக்க அதற்கு விண்டோஸ் தேவையில்லை. நம்மிடம் இருந்த இரண்டு ராமில் எதை முதல் பள்ளத்தில் போட்டாலும் தவறு இல்லை. எதை இரண்டாம் பள்ளத்தில் போட்டாலும் சிவப்பு வரிகள். ஆக, ராம் நல்லது, போர்டுதான் கெட்டது. அப்புறம் புராசஸரைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்து லென்சில் பார்க்கச் சொன்னார். இந்த ரகத்தில் பின்கள் புராசஸரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, ஆயிரத்துக்கு மேல். வரிசையில் ஒன்று மட்டும் சாய்ந்து கிடந்தது. அது இரண்டாம் பள்ளத்து ராமுக்குப் போகும் வழி என்றார்.

விண்டோஸ் ஏன் வெவ்வேறு இடத்தில் நின்றது என்பதையும் விளக்கினார். சுருக்கி வைத்த கோப்புகளை ராமில் விரித்துத்தான் டிஸ்க்கில் எழுதுகிறது. விரிக்கும் இடத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கூட்டுத்தொகை பொருந்தாது, நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் பென்டிரைவைச் சந்தேகிக்கலாம். இடம் மாறி மாறி நின்றால் முதலில் ராமையும் போர்டையும் பார்க்க வேண்டுமாம். நமக்கு இது எளிதில் புரிந்தது. பேரேட்டில் தினம் ஒரே தொகை இடித்தால் பதிவில் பிழை. தினம் வேறு தொகை இடித்தால் கல்லாவில் உட்காரும் ஆளைக் கவனிக்க வேண்டும்.

முதல் பள்ளத்தில் ஒரே ராமுடன் விண்டோஸ் 10 ஒழுங்காக ஏறியது. மறுநாள் காலையில் இன்னொரு கூத்து. பதினான்கு பில் போன பிறகுதான் தேதி 2016 என்று அச்சாகியிருப்பதைப் பையன் பார்த்தான். ஜி.எஸ்.டி. தளமும் திறக்கவில்லை. போர்டில் நாணயம்போல இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்து, இரவு மின்சாரத்தை நிறுத்தியதும் கடிகாரம் பின்னுக்குப் போயிருந்தது. சில ரூபாய்ச் சாமான். பழைய போர்டு வாங்குகிறவர் அன்றைக்கே அதை மாற்றிவிட வேண்டும்.

இதைக் கேட்ட நண்பர்கள் பலர், பழைய போர்டே வாங்கக்கூடாது என்கிறார்கள். நமக்கு அது சம்மதமில்லை. பழைய தராசும் பீரோவும் வாங்கித்தான் நம்மில் பலர் கடை திறந்தோம். ஆனால் எந்தப் பழையது என்பதில் கணக்கு வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதலும், போர்டில் டி.பி.எம். 2.0-வும் வேண்டும். நாம் வாங்கிய போர்டு நன்றாக இருந்திருந்தாலும் அந்த 2,200 ரூபாய் சில மாதச் செலவுதான். இன்னொன்று, கம்ப்யூட்டருடன் சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமம் அந்த மதர்போர்டைச் சார்ந்தது. போர்டு மாறினால் அது கூட வராது. இந்தச் செலவை விலையோடு சேர்த்துப் பார்த்தால் சில சமயம் புதியதே மலிவாக இருக்கும்.

தீபாவளி முடிந்ததும் போர்டை எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போனோம். அவர் லென்சில் பார்த்துவிட்டு, "மாட்டும்போது நீங்கள் வளைத்துவிட்டீர்கள்" என்றார். நம் தம்பி வளைத்தாரா, வாங்கும்போதே வளைந்திருந்ததா, நமக்கே தெரியாது. சண்டை போட ஆதாரம் இல்லை, திரும்பி வந்துவிட்டோம். இப்போது கடையிலேயே சாக்கெட்டின் மூடியைத் திறக்கச் சொல்லி, விற்பவர் முன்னால் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, பில்லில் ஏழு நாள் என்று எழுதி வாங்கிய பிறகே பணத்தை எண்ணுகிறோம்.